செயலி மாறினால் என்ன மாறுகிறது? மடிக்கணினிப் புதுப்பிப்புகள் பற்றிய ஒரு மதிப்பாய்வு

2006 மே 16 அன்று ஆப்பிள் நிறுவனம் மேக்புக் என்ற மடிக்கணினியை வெளியிட்டது. பாலிகார்பனேட் உடல், 13.3 அங்குலத் திரை, உள்ளே இன்டெலின் கோர் டுவோ செயலி. ஆறு மாதம்கூட நிறையவில்லை. நவம்பர் 8 அன்று அதே உடலில், அதே திரையோடு, 1,099 டாலரில் தொடங்கும் அதே விலையில், கோர் 2 டுவோ செயலி வந்து உட்கார்ந்தது. முந்தையதைவிட 25 சதவீதம் வரை வேகம் என்றது ஆப்பிள்.

இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் பயனர்கள் நான்கு திசையில் பிரிவார்கள். கொண்டாடுவோர் ஒருபுறம், ‘இதற்கா இத்தனை ஆரவாரம்’ என்று உதட்டைப் பிதுக்குவோர் மறுபுறம். சில மாதம் முன்புதான் பழையதை வாங்கி, இப்போது வயிறெரிவோர் மூன்றாம் பக்கம். ‘அடுத்தது வரட்டும்’ என்று பணப்பையை மூடிக்கொள்வோர் நான்காம் பக்கம். 2006-இல் எழுந்த குரல்களே 2018-இலும் 2020-இலும் 2023-இலும் எழுந்தன.

இவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். உடல் மாறாமல் செயலி மட்டும் மாறும்போது, வாங்குபவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? கணினித்துறையும் பொருளியலும் இதற்கு அரை நூற்றாண்டாகப் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கின்றன. அவற்றுள் முதன்மையான ஐந்தையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆப்பிள் மடிக்கணினிகளிலிருந்தே வருகின்றன. உடலை அப்படியே வைத்துச் செயலியை மட்டும் மாற்றும் வழக்கம் அங்கே அடிக்கடி நிகழ்வதால், ஒப்பிடுவது எளிதாகிறது.

ஒரே உடல், இரண்டு செயலிகள்

முதலில் 2006-இன் இரு மேக்புக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு செயலிகளும் 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானவை. இரண்டும் 1.83, 2 கிகாஹெர்ட்ஸ் என்ற அதே கடிகார வேகங்களில் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கோர்கள். விவரப் பட்டியலை மேலோட்டமாகப் படித்தவருக்குப் பெயரில் ஒரு ‘2’ கூடியதைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது.

உள்ளே நிலைமை வேறு. கோர் டுவோவில் 15.1 கோடி டிரான்சிஸ்டர்கள். கோர் 2 டுவோவில், 4 மெகாபைட் கேஷ் கொண்ட வடிவத்தில், 29.1 கோடி. பழையது ஒரு கடிகாரத் துடிப்பில் மூன்று கட்டளைகளைப் பிரித்து அனுப்பியது. புதியது நான்கை அனுப்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழையது 32 பிட் செயலி, புதியது 64 பிட் செயலி. 1.83 கிகாஹெர்ட்ஸ் மாடலில் கேஷ் 2 மெகாபைட்டாகவே நின்றுவிட்டது. 2 கிகாஹெர்ட்ஸ் மாடல்களில் மட்டும் 4 ஆனது. அந்த மாடல்களில் நினைவகமும் 512 மெகாபைட்டிலிருந்து 1 கிகாபைட்டுக்கு உயர்ந்தது. திரையில் காட்சியை வரையும் இன்டெல் ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸ் பகுதி மட்டும் அப்படியே இருந்தது. இந்தக் கடைசி விவரத்தை அப்போது பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அதன் விளைவு ஆறு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

முதல் நிலைப்பாடு: எண்ணே அளவுகோல்

மிகப் பழைய விடை இதுதான்: எண் கூடினால் பயன் கூடும். இதன் வேர் 1965-இல் கோர்டன் மூர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று அவர் கணித்தார். 1975-இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று திருத்தினார். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கு வேண்டிய மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் காட்டினார்கள். இந்த இரண்டும் கைகோத்து நடந்த காலத்தில் கடிகார வேகத்தைப் பார்த்துக் கணினி வாங்குவது ஓரளவு நியாயமாகவே இருந்தது.

அந்த நம்பிக்கையில் விரிசலும் சீக்கிரமே விழுந்தது. 2001 ஜூலையில் ஆப்பிளின் ஜான் ரூபின்ஸ்டைன் ‘மெகாஹெர்ட்ஸ் மாயை’ என்ற தலைப்பில் மேடையேறி, ஆப்பிள் கணினிகளில் இருந்த 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4 செயலி இன்டெலின் 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ முந்தக்கூடும் என்று வாதிட்டார். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் துடிப்புகளை மட்டும் எண்ணுவது தவறு என்பது வாதத்தின் சாரம். வாதம் சரியானது. ஆனால் குறைந்த எண் கொண்ட செயலியை விற்றுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அப்படி வாதிட வணிகக் காரணமும் இருந்தது என்பதை மறந்துவிட முடியாது.

சில ஆண்டுகளில் இன்டெலே அந்த முடிவுக்கு வந்தது. டென்னார்டு கணித்த மின்சாரச் சேமிப்பு நின்றுபோக, வேகத்தைக் கூட்டியபோதெல்லாம் வெப்பம் எகிறியது. 2004-இல் பென்டியம் 4-இன் வாரிசாகத் திட்டமிட்ட டேஜாஸ் செயலியை இன்டெல் கைவிட்டது. மடிக்கணினிக்காக இஸ்ரேலில் வடிவமைத்த பென்டியம் எம் வழியைப் பிடித்துக்கொண்டது. கோர் டுவோவும் கோர் 2 டுவோவும் அந்த வழியில் வந்தவை.

கடிகார வேகம் செல்வாக்கு இழந்ததும் அதன் இடத்தைச் சோதனை மதிப்பெண்கள் பிடித்தன. ஸ்பெக் அமைப்பு 1988 முதல் பொதுச் சோதனைகளை வகுத்து வருகிறது. நுகர்வோர் தளத்தில் கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் ஆகியவை புழங்குகின்றன. இவை மெகாஹெர்ட்ஸைவிட நேர்மையான அளவுகோல்கள்தாம். எனினும் இரு குறைகள் எஞ்சுகின்றன. முதலாவது, உற்பத்தியாளர் அறிவிப்புகளில் இடம்பெறும் ‘வரை’ என்ற சொல். 25 சதவீதம் ‘வரை’ என்றால் ஏதோ ஒரு வேலையில் அவ்வளவு கிடைத்தது என்றுதான் பொருள். எல்லா வேலையிலும் கிடைக்கும் என்பதல்ல. இரண்டாவது, மதிப்பெண் செயலியை மட்டும் அளக்கிறது. பயனர் காத்திருப்பதோ முழுக் கணினிக்காக.

இரண்டாம் நிலைப்பாடு: இருப்பதே போதும்

இந்த இரண்டாவது குறையிலிருந்துதான் அடுத்த விடை பிறக்கிறது. சாதாரண வேலைகளுக்குப் பழைய செயலியே போதும். புதியது தரும் வேகத்தை மனிதர் உணரவே மாட்டார் என்பது இதன் வாதம்.

இதற்கு உளவியல் சார்ந்த அடித்தளம் உண்டு. கணினியின் எதிர்வினை நேரம் பற்றி ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதினார். அந்த மரபில் ஜேக்கப் நீல்சன் 1993-இல் மூன்று எல்லைகளை வகுத்துக் கொடுத்தார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும். 1 விநாடி வரை சிந்தனை ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இதைக் கொண்டு 25 சதவீத வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.08 விநாடியில் திறந்த ஒரு பட்டியல் 0.064 விநாடியில் திறக்கும், எவருக்கும் தெரியாது. 40 நிமிடம் எடுத்த ஒரு காணொளி மாற்றம் 32 நிமிடத்தில் முடியும்; அது நிச்சயம் தெரியும். ஆகவே ஒரே புதுப்பிப்பைப் பார்த்து ஒருவர் துள்ளுவதும் இன்னொருவர் கொட்டாவி விடுவதும் முரண்பாடல்ல. இருவர் செய்யும் வேலையும் வேறு.

ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன விதியும் இந்தப் பக்கமே நிற்கிறது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால், மொத்த ஆதாயத்தை மீதிப் பகுதி கட்டிப்போட்டுவிடும். 10 விநாடி காத்திருப்பில் 5 விநாடி வன்தட்டுக்காகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலி 25 சதவீதம் விரைவானாலும் மொத்தம் 9 விநாடி ஆகும், அவ்வளவுதான். உல்ஃப், மெக்கீ இருவரும் 1995-இல் ‘நினைவகச் சுவர்’ என்று எச்சரித்ததும் இதையொட்டியதே: செயலி விரைகிறது, அதற்குத் தரவு கொண்டுவரும் நினைவகம் பின்தங்குகிறது.

2006 மேக்புக்கே இதற்கு நல்ல சாட்சி. அதன் பேட்டரியைக் கழற்றினால் ஓரத்தில் ‘எல்’ வடிவத் தகடு ஒன்று தெரியும். மூன்று திருகாணிகளைத் தளர்த்தி அதை எடுத்துவிட்டால் நினைவகப் பலகைகளும் வன்தட்டும் கைக்கு எட்டும். செயலியோ மதர்போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தது, கழற்ற வழியில்லை. 512 மெகாபைட்டை 2 கிகாபைட்டாக உயர்த்தியவரும், பிற்காலத்தில் சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தியவரும் அன்றாட வேலைகளில் உணர்ந்த மாற்றம், கோர் டுவோவுக்கும் கோர் 2 டுவோவுக்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்று சொல்வதில் பெரிய தயக்கம் வேண்டியதில்லை.

செயலியைப் புதுப்பிக்கும் கையோடு பிற பாகங்கள் மெலிவதும் உண்டு. 2022-இல் 13 அங்குல மேக்புக் புரோ உடலில் எம்1 செயலிக்குப் பதில் எம்2 வந்தது. அதன் 256 கிகாபைட் மாடலில் முன்பு இருந்த இரண்டு சேமிப்புச் சில்லுகள் ஒன்றாகக் குறைந்திருந்தன. கோப்பைப் படிக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியானதை விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள். 2023-இன் எம்3 புரோ செயலியில் நினைவக அலைவரிசை முந்தைய எம்2 புரோவின் விநாடிக்கு 200 கிகாபைட்டிலிருந்து 150-ஆக இறங்கியது. டிரான்சிஸ்டர் எண்ணிக்கையும் 4,000 கோடியிலிருந்து 3,700 கோடியானது. பெயரின் எண் ஏறினால் எல்லாமே ஏறும் என்ற எண்ணத்துக்கு இவை மறுப்புகள்.

‘போதும்’ என்ற வாதத்தின் பலவீனம் அதன் காலக் கணிப்பில் இருக்கிறது. எது போதும் என்பதை மென்பொருள் நிற்கவிடுவதில்லை. வன்பொருள் விரைவதைவிட விரைவாக மென்பொருள் கனத்துவிடுகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995-இலேயே முறையிட்டார். 2006-இல் தாராளம் எனப்பட்ட நினைவகம் சில ஆண்டுகளில் உலாவியில் பத்துத் தாவல்களைத் திறக்கத் திணறியது. ‘இன்று போதும்’ என்ற கூற்று உண்மையாக இருக்கலாம். மடிக்கணினி வாங்குபவர் இன்றைக்கு மட்டும் வாங்குவதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: தீர்மானிப்பது வெப்பமும் உடலும்

மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் அடிப்படை வேறுபாடு மின்சாரத்திலும் வெப்பத்திலும் இருக்கிறது. ஆகவே செயலியைத் தனியே எடைபோடாமல், அது உட்காரும் உடலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்போர் மூன்றாம் தரப்பினர்.

2005 ஜூன் 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ், அதுவரை பயன்படுத்திய பவர்பிசி செயலிகளை விட்டு இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தபோது முன்வைத்த முக்கியக் காரணம் ஒரு வாட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் செயல்திறன். பவர்பிசி வரிசையின் ஜி5 செயலி கடைசி வரை ஒரு மடிக்கணினிக்குள்கூட நுழையவில்லை. அதன் சூட்டை மெல்லிய உடல் தாங்கியிராது. அந்த அறிவிப்புக்குப் பின் மடிக்கணினிச் செயலிகளைப் பற்றிய பேச்சின் அச்சே மாறியது எனலாம்.

2018 ஜூலையில் மேக்புக் புரோவில் ஆறு கோர்கள் கொண்ட ஐ9 செயலி வந்தது இந்தத் தரப்புக்குக் கிடைத்த வலுவான சான்று. விமர்சகர் ஒருவர் காணொளித் தொகுப்பு ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்தார். முந்தைய ஆண்டின் ஐ7 மாடலைவிட அது பின்தங்கியது. மடிக்கணினியைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைவறைக்குள் வைத்து அதே வேலையைக் கொடுத்தபோது நேரம் கணிசமாகக் குறைந்தது. செயலிக்கு ஆற்றல் இருந்தது, மூச்சு விட இடம்தான் இல்லை என்று அந்தச் சோதனை சொன்னது. சில நாளில் ஆப்பிள் தன் ஃபர்ம்வேரில் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொண்டு, ஜூலை 24 அன்று திருத்தம் வெளியிட்டது. நிலைமை சீரடைந்தது. ஆனாலும் விலை கூடிய செயலியை அதே ஒல்லி உடலில் அடைப்பதால் எவ்வளவு ஆதாயம் என்ற ஐயம் தங்கிவிட்டது.

நேர் எதிரான சான்று 2020 நவம்பர் 10 அன்று வந்தது. ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 செயலியை மேக்புக் ஏரில் வைத்தது. வெளித்தோற்றம் ஏறத்தாழ அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான இன்டெல் மாடலினுடையதுதான். உள்ளே மின்விசிறி மட்டும் இல்லை. விலை அதே 999 டாலர். சத்தமில்லாமல், சூடேறாமல், நீண்ட பேட்டரி ஆயுளோடு அது ஓடியபோது, செயலி மாற்றங்களைக் கேலி செய்து பழகியவர்கள்கூடக் குரலை மாற்றிக்கொண்டார்கள். இங்கே பயனர் உணர்ந்ததில் பெரும்பங்கு வேகத்துக்கு மட்டும் உரியதல்ல. மடியில் வைத்தால் சுடாததும், சார்ஜரைத் தேட வேண்டியிராததும் அதில் அடக்கம். அதே எம்1 செயலி மின்விசிறி உள்ள மேக்புக் புரோவிலும் வந்தது. குறுகிய வேலைகளில் இரண்டும் சமம். நீண்ட நேரம் பிழிந்தெடுக்கும் வேலைகளில் விசிறி உள்ளது முந்தியது. ஒரே செயலி, உடல் மாறினால் வேறு பலன் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்த நிலைப்பாட்டின் குறை, அதைக் கடையில் நின்று சோதிக்க முடியாது என்பது. வெப்பத்தின் விளைவு அரை மணி நேர உழைப்புக்குப் பிறகே தெரியும். தூசி படிந்த மூன்றாம் ஆண்டில் இன்னும் நன்றாகத் தெரியும். விவரப் பட்டியலில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

நான்காம் நிலைப்பாடு: வாங்குவது வேகமல்ல, ஆயுள்

நான்காவது தரப்பு வேகப் பேச்சையே ஒதுக்கிவைக்கிறது. புதிய செயலி தருவது இயங்குதள ஆதரவு நீடிக்கும் காலம் என்பது அதன் கருத்து. மறுபடியும் 2006-இன் இரு மேக்புக்குகளுக்குத் திரும்பினால் இதை ஆண்டுவாரியாகச் சோதிக்க முடிகிறது.

2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளம் இரண்டிலும் ஓடியது. 2011 ஜூலையில் வந்த அடுத்த பதிப்பான லயன் 64 பிட் செயலியைக் கட்டாயமாக்கியது. மே மாத மேக்புக் அங்கேயே நின்றது. நவம்பர் மேக்புக் உள்ளே போனது. 2014 நவம்பரில் கூகுள் குரோம் உலாவி மேக் கணினிகளில் 64 பிட்டுக்கு மட்டும் என்றானது. மே மாத மேக்புக் புதிய குரோமை இழந்தது. நவம்பர் மேக்புக்குக்கு 2016 வரை அது கிடைத்தது. 2006-இல் 25 சதவீதமா, 10 சதவீதமா என்று வாதாடிய வேறுபாடு, எட்டு ஆண்டில் ‘திறக்குமா, திறக்காதா’ என்ற வேறுபாடாகிவிட்டது.

வெளியான நாளில் தெரியாத இன்னொரு பயனும் நவம்பர் மாடலில் ஒளிந்திருந்தது. அதன் வைஃபை வன்பொருள் அப்போது வரவிருந்த ‘என்’ தரத்துக்கும் தயாராக இருந்தது. 2007-இல் 1.99 டாலர் விலையில் ஒரு சிறு மென்பொருளை விற்று ஆப்பிள் அதைத் திறந்துவிட்டது.

கதை இத்துடன் முடிந்தால் நான்காம் தரப்பு முழு வெற்றி பெற்றிருக்கும். 2012 ஜூலையில் மவுன்டன் லயன் வந்தபோது நவம்பர் மேக்புக்கும் வெளியே நிறுத்தப்பட்டது. செயலி 64 பிட்தான். மாறாமல் விட்ட ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸுக்கு 64 பிட் இயக்கி மென்பொருள் இல்லை. ஃபர்ம்வேரும் 32 பிட். லயன் கிடைத்ததால் பாதுகாப்புத் திருத்தங்கள் சுமார் ஓராண்டு கூடுதலாக வந்தன, அவ்வளவுதான். இன்னொரு முரணும் உண்டு. பழைய பவர்பிசி மென்பொருள்களை ஓட்டும் ரொசெட்டா லயனில் நீக்கப்பட்டது. அவற்றை நம்பியிருந்தவருக்கு ஸ்னோ லெப்பர்டில் தங்குவதே வசதி. முன்னேறிய செயலி அவருக்கு எதையும் கூட்டித் தரவில்லை.

விண்டோஸ் உலகில் இதே நாடகம் பெரிய மேடையில் நடந்தது. 2017 ஆகஸ்டில் இன்டெலின் 8-ஆம் தலைமுறைச் செயலிகள் வந்தபோது, 15 வாட் மடிக்கணினிகளில் கோர்கள் இரண்டிலிருந்து நான்காயின. அன்று பேசப்பட்டது வேகம். 2021-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கான எல்லைக்கோட்டை, சில விதிவிலக்குகள் தவிர, அந்த 8-ஆம் தலைமுறையிலேயே போட்டது. 2017 முற்பாதியில் 7-ஆம் தலைமுறை வாங்கியவரும் பிற்பாதியில் 8-ஆம் தலைமுறை வாங்கியவரும் சில மாத இடைவெளியில் கோட்டின் இரு பக்கமும் விழுந்தார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வினா இதுதான்: எல்லைக்கோட்டைப் போடுவது யார்? 64 பிட் போன்ற உண்மையான தொழில்நுட்ப வேறுபாடு சில இடங்களில் காரணமாகிறது. வேறு சில இடங்களில் பாதுகாப்புக் கொள்கையோ, பழையதைச் சோதித்துப் பராமரிக்கும் செலவோ காரணமாகிறது. கோடு எங்கே விழும் என்பதை வாங்கும் நாளில் கணிக்க நம்பத்தகுந்த வழி எதுவும் இல்லை. ஆயுளை வாங்குகிறோம் என்பது பின்னோக்கிப் பார்க்கையில் தெளிவாகவும், முன்னோக்கிப் பார்க்கையில் ஊகமாகவும் இருக்கிறது.

ஐந்தாம் நிலைப்பாடு: நேற்று வாங்கியவரின் கணக்கு

மேற்கண்ட நான்கும் பொருளைப் பற்றியவை. ஐந்தாவது, வாங்கிய மனிதரைப் பற்றியது. நேற்று கொடுத்த அதே விலைக்கு இன்று மேலானது விற்கப்படும்போது தனக்கு அநீதி நேர்ந்ததாக அவர் உணர்கிறார். இதை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுவது எளிது. பொருளியலாளர்கள் அப்படித் தள்ளவில்லை.

நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் நிறுவனம் தன் எதிர்காலப் பொருளோடு தானே போட்டியிடுகிறது என்று ரொனால்ட் கோஸ் 1972-இல் காட்டினார். அடுத்தது மேலானதாகவோ மலிவாகவோ வரும் என்று எதிர்பார்ப்பவர் காத்திருப்பார். ஜெரமி புலோ 1986-இல் இதை நீட்டி, பொருளின் ஆயுளைக் குறைத்து வைப்பதில் நிறுவனத்துக்கு ஆதாயம் இருக்கக்கூடும் என்றார். வான்ஸ் பேக்கர்டு 1960-இலேயே, பொருள்களைத் திட்டமிட்டுப் பழசாக்கும் போக்கை நுகர்வோர் பக்கம் நின்று சாடியிருந்தார்.

காத்திருப்போர் ஒரு நிறுவனத்தையே கவிழ்த்துவிட முடியும் என்பதற்கு ஆஸ்போர்ன் நிறுவனத்தை உதாரணம் காட்டுவது வழக்கம். 1981-இல் சுமார் 11 கிலோ எடையுள்ள, தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விற்றுப் புகழ்பெற்ற அந்நிறுவனம், அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் விற்பனை நின்று 1983 செப்டம்பரில் திவாலானது என்பார்கள். போட்டியாளர்களும் நிதி நிர்வாகக் குறைகளுமே பெரிய காரணம் என்று மறுப்போரும் உண்டு. நிறுவனங்கள் இன்று கடைசி நாள் வரை வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தக் கதை ஓரளவேனும் காரணம் என்று கருத இடமுண்டு. விற்பவரின் அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர் முந்தைய வாரம் வாங்கியவர்.

எனினும் ‘ஏமாற்றப்பட்டேன்’ என்ற முறையீடு எல்லா நேரமும் நிற்பதில்லை. புதியது வந்ததால் பழையதன் வேகம் குறைந்துவிடவில்லை. குறைந்தது மறுவிற்பனை விலையும் மனநிறைவும்தான். மேலும் உற்பத்தியாளர்களே முந்தைய ஆண்டில் வாங்கியவரை இலக்காக வைப்பதில்லை என்று தோன்றுகிறது. 2025 மார்ச்சில் எம்4 மேக்புக் ஏர் வந்தபோது ஆப்பிள் தன் அறிவிப்பில் முன்னிறுத்திய ஒப்பீடுகள் எம்1 மாடலோடும் இன்டெல் மாடலோடும் செய்தவை. ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு சிறிது என்பதை விற்பவரே சொல்லாமல் சொல்லிவிடுகிறார்.

சூழலியல் வாதமும் இங்கேதான் வந்து சேர்கிறது. மடிக்கணினியின் கார்பன் சுமையில் பெரும்பகுதி அதை உற்பத்தி செய்வதிலேயே உருவாகிறது. பல ஆண்டுகள் பயன்படுத்துவதில் செலவாகும் மின்சாரத்தின் பங்கு அதைவிடக் குறைவு. அப்படியானால் மின்சாரத்தைச் சேமிக்கும் புதிய செயலிக்காகப் பழைய கணினியைத் தூக்கியெறிவது பூமிக்கு நட்டக்கணக்காகவே முடியக்கூடும். இதற்கு மாற்றாக 2021 முதல் ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம், திரையும் உடலும் விசைப்பலகையும் அப்படியே இருக்க, செயலியோடு கூடிய மதர்போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் மடிக்கணினியை விற்கிறது. உடல் ஒன்று, செயலி வேறு என்ற 2006-இன் ஏற்பாட்டை வாங்கியவரே தன் வீட்டு மேசையில் செய்துகொள்ளலாம். ஒட்டுமொத்தச் சந்தையில் இது இன்னும் சிறு மூலைதான். மதர்போர்டின் விலையும் பல வேளைகளில் ஒரு புதிய மலிவு மடிக்கணினியின் விலைக்கு அருகில் வந்துவிடுகிறது.

எஞ்சும் கேள்விகள்

ஐந்து நிலைப்பாடுகளையும் சேர்த்து வைத்தால் அவை ஒன்றையொன்று அழிப்பதைவிட, வெவ்வேறு காலத்தை அளப்பதாகவே தெரிகிறது. மதிப்பெண் முதல் நிமிடத்தை அளக்கிறது. வெப்பம் முதல் மணி நேரத்தை அளக்கிறது. ‘போதும்’ என்பது முதல் ஓரிரு ஆண்டுக்குப் பொருந்துகிறது. ஆதரவு ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு பேசத் தொடங்குகிறது. மனக்குறை பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கு உரியது. வெளியான வாரத்தில் நடக்கும் சர்ச்சைகளில் முதல் நிமிடமும் முதல் வாரமும் மட்டுமே குரலெடுத்துப் பேசுவதால், மற்றவை காதில் விழுவதில்லை.

மூன்று கேள்விகளுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. ஒன்று, ஆதரவு எத்தனை ஆண்டு என்பதை விற்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தலாமா? அவ்வாறு செய்தால் ஊகம் தகவலாகும். ஆனால் நிறுவனங்கள் பாதுகாப்புக்காகக் குறைந்த ஆண்டையே எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டு, செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கெனச் செயலிகளில் இப்போது ஒதுக்கப்படும் தனிப் பகுதி நாளைய 64 பிட்டாக ஆகுமா, எவரும் தொடாத அலங்காரமாகவே நின்றுவிடுமா? இரண்டுக்கும் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. மூன்று, நினைவகமும் சேமிப்பும் செயலியோடு சேர்த்தே பற்றவைக்கப்படும் காலத்தில், ‘செயலிப் புதுப்பிப்பு’ என்று ஒன்றைத் தனியே பிரித்துப் பேச முடியுமா? மூன்று திருகாணியைத் தளர்த்தி நினைவகத்தைக் கூட்டிக்கொண்ட வாய்ப்பு பல மடிக்கணினிகளில் இன்று இல்லை. 2024 அக்டோபரில் ஆப்பிள் மேக்புக் ஏரின் அடிப்படை நினைவகத்தை விலை கூட்டாமல் 8 கிகாபைட்டிலிருந்து 16-ஆக்கியது. பல பயனர்களுக்கு அது ஒரு செயலித் தலைமுறையைவிட மதிப்பானது என்றும் வாதிடலாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். செயலி விஷயத்தில் முளை பெரும்பாலும் பொய் சொல்கிறது. மே, நவம்பர் மேக்புக்குகளைப் பிரித்தது 2006-இல் விளம்பரப்படுத்திய வேகமல்ல, விவரப் பட்டியலின் மூலையில் கிடந்த 64 பிட் என்ற சொல். அந்த 64 பிட்டின் ஆயுளையும், எவரும் மாற்றாமல் விட்ட கிராபிக்ஸ் முடித்துவைத்தது. ஆகவே புதிய மாடலின் அறிவிப்பைப் படிப்பவர் எது மாறியிருக்கிறது என்பதோடு எது மாறவில்லை என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ஒரு மடிக்கணினி எத்தனை ஆண்டு ஓடும் என்பதை அதன் மிகப் புதிய பாகத்தைவிட, மிகப் பழைய பாகமே பெரும்பாலும் முடிவு செய்கிறது.